ஹாலில் நடந்த நுழைவுத் தேர்வு

தேர்வு மறுபடியும் தள்ளிப்போனதாக மின்னஞ்சல் வந்தபோது நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனில் படித்தேன். மீதித் துணிகளையும் உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுத்தான் இறங்கினேன். முதல் தடவை தள்ளிப்போனபோது ஒரு நாள் முழுக்க அழுதிருக்கிறேன். அப்பாவிடம் காரணமில்லாமல் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை எதுவும் வரவில்லை.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"தள்ளி வச்சுட்டாங்க."

"எப்பதான் வைப்பாங்களாம்?"

"தேதி போடலம்மா."

ஊரடங்கு வருடம் அது. முந்தைய ஆண்டு நீட் தேர்வில் தேறியிருந்தேன். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு இங்கே எந்தக் கல்லூரியிலும் இடமில்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தோம். அவர்களுக்குத் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு. சென்னையிலேயே ஒரு மையத்தில் எழுதுவதாக இருந்தது, பிறகு மையம் மூடப்பட்டது, பிறகு தேதி மாறியது, அதுவும் மாறியது. கடைசியில், எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம் என்று அறிவித்தார்கள்.

ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்தது முதல் மாடி. ஹால், ஒரு படுக்கையறை, ஹாலின் கோடியில் சமையலறை. அம்மா தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் ஆசிரியை. அப்போது படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனில் ஏழாம் வகுப்புக்கு சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். அப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்தார். பட்டறை பாதி நாள் திறந்தும் பாதி நாள் மூடியும் கிடந்தது.

வீட்டிலிருந்து எழுதுவது சுலபம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். விதிமுறைகளை நான்தான் படித்தேன். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. சத்தம் கூடாது. சுவரில் எழுத்து எதுவும் கூடாது. லேப்டாப் கேமரா முகத்தைப் பார்க்கும். பின்னால் வைக்கும் ஃபோன் கேமரா என் கைகளையும் அறையின் வாசல்களையும் பார்க்கும். படுக்கையறையில் கதவைச் சாத்தினால் மோடத்தின் சிக்னல் எட்டாது. அதனால் ஹால்தான்.

ஒத்திகைத் தேர்வில் நிறையக் கற்றுக்கொண்டேன். யோசிக்கும்போது விட்டத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பார்வை திரையை விட்டு விலகுகிறது என்று எச்சரிக்கை வந்தது. நெற்றியைத் துடைத்தால் முகம் மறைகிறது என்று வந்தது. மின்விசிறியின் சத்தத்தைப் பேச்சுக் குரல் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள். புது வருட ஆராதனையில் கிடைத்த பைபிள் வசன அட்டையை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தோம். அதை அம்மாவே கழற்றி, பீரோவில் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். அப்புறம் ஒரு வாரம் முழுக்க, எழுதும்போது மேலே பார்க்காமல் இருக்கப் பழகினேன். படித்ததைவிட அதைத்தான் அதிகம் பழகினேன் என்று நினைக்கிறேன்.

மின்சாரம்தான் பெரிய பயம். அதைத் தீர்த்தவர் கீழ் வீட்டு அண்ணன். அவர் பெருங்களத்தூரில் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். சவாரி இல்லாத அந்த மாதங்களில் அதே வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, எங்களிடம் இல்லை. ஒரு நாள் மாலை அவரே ஒரு நீளமான ஒயரைச் சுருட்டி, எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வீசி எறிந்தார்.

"புடி சார். கரண்டு பூட்ச்சின்னா இத்த சொருகிடு. பாப்பா பாட்டுக்கு எய்தட்டும்" என்றார் அப்பாவிடம்.

தேர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனபோது நடந்துபோய்த்தான் ஏறினார். மறுநாள் ஆட்கள் வந்து கீழ் வீட்டுக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அண்ணனின் மனைவியான அக்காவும் அவருடைய சின்னப் பெண்ணும் வெளியே வரக் கூடாது. அம்மா சாப்பாட்டைக் கேட் அருகே ஸ்டூலில் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். அக்கா வந்து எடுத்துக்கொள்வார். ஒரு நாள் மாடியிலிருந்து அம்மா, "ஒயரைக் கழட்டிடறோம்மா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றாள்.

அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தார். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் டீச்சர். அது ஒன்னும் சோறா கேக்குது?"

தேர்வு நாளன்று அம்மா வகுப்புக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். கேமராவில் தெரிய நேர்ந்தாலும் நேரும் என்று காலையிலேயே குளித்துப் புடவை கட்டியிருந்தாள். யாரும் மேலே வந்து கதவைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள அப்பா படிக்கட்டில் உட்கார்ந்தார். மின்சாரம் போனால் ஒயரை மாற்ற ஒரு ஆள் வேண்டும் என்பதால் அம்மா சமையலறையில். சமையலறையிலிருந்து வெளியே போக வேண்டுமென்றால் ஹாலைக் கடந்தாக வேண்டும். ஹாலை ஃபோன் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. ஆக, தேர்வு முடியும்வரை அவள் அங்கேதான்.

கண்காணிப்பாளரின் முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். ஆங்கிலம், எந்த நாட்டு ஆங்கிலம் என்று சொல்ல முடியவில்லை. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார். காதுகளைக் காட்டச் சொன்னார். சுவரில் அட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அது என்ன என்று கேட்டார். முன்பு ஒரு படம் மாட்டியிருந்தது என்றேன். சரி என்றார்.

ஃபேன் இல்லாததால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். வியர்வை கழுத்தில் இறங்கி முதுகில் போனது. துடைக்கவில்லை. உயிரியல் முடிந்து வேதியியல் தொடங்கியபோது மின்சாரம் போனது. மோடத்தின் விளக்கு அணைந்தது. சமையலறையில் பிளக்கைப் பிடுங்கும் சத்தம், சொருகும் சத்தம். விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, விட்ட இடத்திலேயே கேள்வி திரும்ப வந்தது. எல்லாம் ஒத்திகை பார்த்தபடியே நடந்தது.

அதற்குப் பிறகுதான் கீழே ஃபோன் அடித்தது.

அக்கா பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. "இன்னா சொல்றீங்க" என்றார். கொஞ்சம் இடைவெளி. "இன்னா சொல்றீங்க சார், புரியல." மறுபடியும் அதையே சொன்னார். குரல் ஏறவேயில்லை. கடையில் கணக்குச் சரியாக விளங்காதவர் கேட்பதைப் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஏதோ பாத்திரம் விழுந்தது. அப்புறம் அழுகை.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கரிமச் சேர்மத்தின் பெயரைக் கேட்ட கேள்வி. நான்கு விடைகளையும் படித்தேன். திரும்பவும் படித்தேன். திரையின் மேல் பகுதியில், அறையில் சத்தம் கேட்கிறது என்று மஞ்சள் பட்டை வந்தது. அது மறைந்து மறுபடி வந்தது. ஏதோ ஒரு விடையை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

கண்ணின் ஓரத்தில் அம்மாவின் பச்சைப் புடவை தெரிந்தது. சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் முகம் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. அதற்குள் நான் இன்னும் சில கேள்விகளைத் தாண்டியிருந்தேன். கீழே சின்னப் பெண்ணும் அழத் தொடங்கியது. படிக்கட்டிலிருந்து அப்பா இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

அம்மா ஹாலைக் கடந்தாள். எனக்கும் சுவருக்கும் நடுவில், உடம்பை ஒடுக்கிக்கொண்டு, சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து போகிறவர்கள் போவதைப் போல. கதவைத் திறந்தாள். சாத்தினாள்.

திரை சாம்பல் நிறமானது. கண்காணிப்பாளரின் குரல் வந்தது.

உங்கள் அறையில் ஒருவர் நடந்து போனார், அது யார் என்று கேட்டார்.

என் அம்மா என்றேன்.

அறையில் யாரும் இருக்கக் கூடாது என்று தெரியுமா, ஏன் வந்தார் என்று கேட்டார்.

கீழ் வீட்டில் ஒருவர் 'எக்ஸ்பயர்டு' என்றேன். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு விளங்கவில்லை. எது எக்ஸ்பயர் ஆனது, உங்கள் லாகினா என்று கேட்டார்.

இல்லை, ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அண்ணன் இறந்துவிட்டார் என்று எனக்கே தெரிந்தது. அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வருந்துகிறேன் என்றார். பிறகு, அறையை இன்னொரு முறை காட்ட வேண்டும் என்றார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ஹாலைக் காட்டினேன். சமையலறையையும் காட்டச் சொன்னார். மேடையில் நறுக்கிப் பாதியில் விட்ட பீன்ஸ். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உள்ளே வரும் ஒயர். அது என்ன ஒயர் என்று கேட்டார். மின்சாரத்துக்கு என்றேன். அவரிடம் வேறு என்ன சொல்வது? சரி, தொடரலாம் என்றார். நின்றுபோன நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் அதில் நேர்மையாகத்தான் இருந்தார்கள்.

மிச்சத்தையும் எழுதினேன்.

முடித்துவிட்டுக் கீழே இறங்கியபோது அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது.

"அம்மா உள்ள போயிட்டா" என்றார். "போகாதன்னுதான் சொன்னேன். கேக்கல."

கேட் வழியாகப் பார்த்தேன். கீழ் வீட்டு வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். அழுகை நின்றிருந்தது. சின்னப் பெண் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. அக்கா தலையைத் தூக்கினார்.

"முடிஞ்சிதா பாப்பா?"

"முடிஞ்சுதுக்கா."

"நடுவுல கரண்டு பூட்ச்சே. ஒயரு வேலை செஞ்சிச்சா?"

"செஞ்சுதுக்கா."

தலையாட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. மேலே போய், அம்மா விட்டுவிட்டுப் போன பீன்ஸை நறுக்கி முடித்தேன்.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தகன மேடைக்குப் போய்விட்டார்கள். அக்காவின் தம்பியும் அப்பாவும் மட்டும் போய், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். வந்ததும் அப்பா மாடித் தொட்டியில் தண்ணீர் தீரும்வரை குளித்தார். அம்மா படுக்கையறையில் தனியாக இருந்துகொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து முகலாயர் ஆட்சியை நடத்தும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குத் தொற்று எதுவும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து மின்னஞ்சல் வந்தது. தேர்வன்று பல இடங்களில் சர்வர் கோளாறு ஏற்பட்டதால் அந்தத் தேர்வு அனைவருக்கும் ரத்து. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். அப்பா அதை என் ஃபோனில் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "சரி, திரும்ப எழுது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் கழுவப் போனார்.

திரும்ப எழுதினேன். அதே ஹால், அதே விதிமுறைகள். அன்று கீழ் வீட்டில் சின்னச் சத்தம்கூட இல்லை. முடிந்த பிறகுதான் தெரிந்தது, அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே பெருங்களத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "வூட்டுல இருந்தா இது கத்திகினே கெடக்கும் டீச்சர். பொண்ணு எய்தட்டும்."

பட்டியலில் என் பெயர் வரவில்லை. அன்றும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அம்மா தோசை வார்த்தாள், சாப்பிட்டோம்.

அடுத்த ஆண்டு பிசியோதெரபி சேர்ந்தேன். இப்போது குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். மூட்டு வலிக்காரர்களும், பைக்கிலிருந்து விழுந்தவர்களும் வருகிறார்கள். வேலை பிடித்திருக்கிறது. அக்கா வேனை விற்றுவிட்டார். அப்பா சொல்லி, அவருடைய பட்டறையிலேயே பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். இருவரும் காலையில் ஒரே ஸ்கூட்டரில்தான் திருமுடிவாக்கம் போகிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தோம். அம்மா திடீரென்று கேட்டாள்:

"அன்னைக்கு நான் குறுக்கப் போகாம இருந்திருந்தா உனக்கு சீட் கெடச்சிருக்கும் இல்ல?"

நான் அவளைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பரீட்சைதான் கேன்சல் ஆயிடுச்சேம்மா. நான் ஃபெயில் ஆனது ரெண்டாவது எழுதினதுல. அன்னைக்கு யாருமே குறுக்க வரல."

"அப்படியா?"

"ஆமாம்மா. மெயில் வந்துச்சே. அப்பாகூடப் படிச்சாரே."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் இரண்டு தேர்வுகளையும் ஒன்றாகவே வைத்திருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. பிளாட்பாரத்தில் எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள்.

"பெண்கள் பெட்டி அந்தப் பக்கம் நிக்கும், வா" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.