நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்ட மதியம்

1. மாமா தன் பழைய வெள்ளைக் காருக்கு சென்ட்ரல் லாக் வாங்கி வந்தார்.
2. கடையில் கொடுக்காமல் எங்கள் வீட்டு வாசலில் தானே பொருத்தினார்.
3. இரண்டரை வயதுத் தம்பி முன்சீட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். சாவியும் உள்ளேதான் இருந்தது.
4. நான் கதவைச் சாத்தினேன்.
5. நான்கு கதவுகளும் ஒரே நொடியில் பூட்டிக்கொண்டன.

அந்தச் சித்திரை மாத மதியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

மாமா அம்மாவின் தம்பி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி உண்டு. அவருக்கு மட்டும் தறிக்குழியில் உட்காரப் பிடிக்காது. கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருபவர்களைக் காரில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவார். வருபவர்கள் புடவை எடுத்த கையோடு கோயிலுக்குப் போவார்கள். முகூர்த்தப் புடவை காரிலேயே இருக்கும். அந்தக் காரிலோ ஒவ்வொரு கதவையும் தனித்தனியாக அமுக்கிப் பூட்ட வேண்டும். ஒருநாள் ஒரு கதவை மறந்துவிட்டார். எதுவும் திருடு போகவில்லை. ஆனால் விஷயம் புடவைக் கடை வரை போய்விட்டது. அந்தச் சித்திரை மதியத்துக்கு மறுநாள் ஒரு பெரிய குடும்பம் வருவதாக இருந்தது. வண்டியில் நல்ல பூட்டு இருந்தால்தான் அனுப்புவேன் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பூட்டு செட் சென்னையில் மலிவாகக் கிடைத்தது. அதைப் பொருத்த இங்கே கடையில் செட்டின் விலையையே கூலியாகக் கேட்டார்கள்.

"நாலு ஒயரு சேக்கறதுக்கு இவ்ளோவா? இழை பிணைச்சுப் பிணைச்சே வளர்ந்த குடும்பம்பா இது," என்று மாமா செட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்து, "உனுக்குத்தாம்மா வெரலு நல்லா உருளுது. வா," என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று முடிந்ததும் அதன் இழைகளோடு அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு அச்சின் சீப்புப் பற்களுக்குள் நுழையாது. சாம்பல் தொட்ட விரலால் இரண்டு முனைகளையும் சேர்த்து உருட்டி முறுக்க வேண்டும். தடவிப் பார்த்தால் இணைப்பு இருப்பதே தெரியக் கூடாது. விடுமுறைகளில் அம்மாவோடு உட்கார்ந்து நான் கற்றிருந்த வேலை அது.

விட்டுப்போன வரி இதுதான்: ஒயர்களைப் பிணைத்தது நான். மாமா கொடுத்த கறுப்பு டேப்பைச் சுற்றியதும் அந்த இடம் புடைத்துக்கொண்டு நின்றது. என் கண்ணுக்கு அது மோசமான வேலையாகப் பட்டது. மூன்று இணைப்புகளுக்குச் சுற்றினேன். டிரைவர் கதவுக்குள் போகும் மற்றவற்றை இழைபோல உருட்டி, வழவழப்பாக, டேப் இல்லாமல் விட்டேன்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது மாமா."

அவர் ஒயர்களைக் கதவுக்குள் திணித்து உட்புறப் பலகையை வைத்து முடுக்கினார். "இப்ப நல்லா சாத்து, பாக்கலாம்."

சாத்தினேன். டக்.

மாமா சிரித்தார். கைப்பிடியை இழுத்துப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இருந்தது ஒரே சாவி. அது உள்ளே இருந்தது. கண்ணாடிகள் நான்கும் மேலே ஏறியிருந்தன. காரின் கூரையில் கை வைக்க முடியாத வெயில்.

"கண்ணு, அந்தக் குமிழ மேல தூக்குடா. மேல, மேல." தம்பி அதை விளையாட்டு என்று நினைத்துத் தூக்கினான். மாமா ஆவேசமாகக் கைப்பிடியை இழுத்தார். கார் குலுங்கியது. கதவு திறப்பதற்குள் டக் என்று மறுபடியும் பூட்டிக்கொண்டது. மூன்று முறை இதேதான் நடந்தது. குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று கதவின் தகரத்தில் பட்டுப் பட்டுப் பூட்டுகிறது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

தெரு கூடிவிட்டது. "கூலிய மிச்சம் புடிச்சுக்கினு வந்தியே, இப்ப பாரு," என்றார் எதிர்வீட்டுக்காரர். ஒருவர் கம்பியை நுழைக்கச் சொன்னார், ஒருவர் மெக்கானிக்கைக் கூப்பிட ஓடினார். தம்பி பயந்துபோய் பின்சீட்டுக்கு ஏறிப் போனான். அவன் முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அழுகைச் சத்தம் கண்ணாடிக்கு வெளியே மெல்லியதாகத்தான் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது. குறைந்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சத்தம் கேட்டு அம்மா தறியிலிருந்து எழுந்து வந்தாள். ஒருமுறை உள்ளே பார்த்தாள். திரும்பிப் போய் அம்மிக் குழவியை எடுத்து வந்தாள்.

"யக்கா, இரு, கண்ணாடி..." என்றார் மாமா.

"தள்ளுடா."

என்னிடம், "நீ அந்தாண்ட போயி நின்னு அவன கூப்புடு. அவன் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது," என்றாள். நான் பின்பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் தன் கையை அதே இடத்தில் வைத்தான். அம்மா முன்கதவுக் கண்ணாடியில் இரண்டு முறை அடித்தாள். இரண்டாவது அடியில் அது பொலபொலவென்று உதிர்ந்தது.

தம்பி தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, ஒரு மணி நேரத்தில் ஓடி விளையாடத் தொடங்கினான். அம்மா மாமாவிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். மறுநாள் சவாரி வேறு காருக்குப் போனது.

இதற்கு நடுவே நான் ஒன்றைக் கவனித்தேன். மெக்கானிக் வருவதற்கு முன்பே மாமா கதவுப் பலகையைக் கழற்றினார். உள்ளேயிருந்த ஒயர் கொத்தைச் சிறிது நேரம் பார்த்தார். இணைப்புகளை மட்டும் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என் தப்புதான்பா, டேப்பு சரியா சுத்தல," என்று எல்லோரிடமும் சொன்னார். நான் செய்தது அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது என் வேலையே கார்களின் ஒயர் இணைப்புகளைச் சோதிப்பதுதான். சென்ற வருடம், பிணைத்து முடித்த ஒரு பாவை அம்மா விரலால் தடவிப் பார்த்து, "இது உங்க அத்த கை, இது உன் கை," என்று பிரித்துச் சொன்னாள். கையெழுத்துப் போலத்தான். அப்போதுதான் புரிந்தது: அந்தக் கொத்தை ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். மாமா அதைச் சட்டைப் பையில் ஒளித்தது மெக்கானிக்குக்காக அல்ல.

மாமா இன்னும் கார் ஓட்டுகிறார். இப்போதைய பூட்டைக் கடையில் கூலி கொடுத்துப் பொருத்தியிருக்கிறார். அம்மா அவரிடம் பேசுகிறாள், ஆனால் அவர் காரில் ஏறுவதில்லை. நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.