தோவாளை மேடையில் நான் நடந்த நடை

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய கைதட்டல் என் எழுத்துக்குக் கிடைத்ததல்ல. இன்னொருவருடைய காலுக்குக் கிடைத்தது. அதை என் திறமைக்குக் கிடைத்ததாக நினைத்து இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதைவிடக் கேவலம், அந்தக் கைதட்டலுக்காக மூன்று நாள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தவன் நான்.

திருவிதாங்கூர் சட்டசபைத் தேர்தல் சமயம் அது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. சிரிப்புக்கு வரி கிடையாது என்பதால் கூட்டத்துக்கு எல்லோரும் வருவார்கள். எங்கள் வேட்பாளர் எந்த ஊருக்கும் சொன்ன நேரத்தில் வந்து சேர்ந்ததில்லை. அவர் வரும்வரை சனங்கள் கலையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தாசில்தார் தும்முவது, வக்கீல் கட்சிக்காரனைக் கண்டு கும்பிடுவது என்று எதையாவது நடித்துக் காட்டுவேன்.

தோவாளையில் எதிர்த்தரப்புக்குத் தூணாக நின்றவர் ஒரு பூ வியாபாரி. நியாயமாகப் பேசுவார், அதனாலேயே அவருக்குப் பதில் சொல்வது கஷ்டம். அவருக்கு ஒரு காலில் யானைக்கால். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் வேட்டியைக் குதிகால்வரை இறக்கிக் கட்டுவார். தூரம் போனால் வில்வண்டி. சந்தைக்கு அவரோடு நடக்கிறவர்கள் தாங்களும் மெதுவாக நடப்பார்கள். பின்னால் எவன் எத்தனை அவசரமாக வந்தாலும் அவரை முந்தமாட்டான். நின்று ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வருவான். யாரும் சொல்லிக்கொடுத்த மரியாதை இல்லை அது. நானே பலமுறை அவரோடு அப்படி நடந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வேட்பாளர் வழக்கத்தைவிடத் தாமதம். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்கள். நான் துண்டைச் சுருட்டி இடது காலில் சுற்றி, அதன்மேல் வேட்டியை இறக்கிவிட்டு, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அவர் குரலிலேயே, “எங்க ஆளு ஜெயிச்சிருவாரு. நான் ஓட்டுப்பெட்டிகிட்டப் போய்ச் சேருகதுக்குள்ள தேர்தல் முடியாம இருக்கணும்” என்றேன். மைதானம் அதிர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கூட்டம் இன்னும் கேட்டது, கொடுத்தேன்.

“எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே காலுதான்!”

சிரித்துக்கொண்டே சனங்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வில்வண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருவர். அந்த வெளியூர்க்காரரும் எல்லோரையும்போலப் பார்வையை அவர் காலுக்கு இறக்கினார்.

மூன்றாம் நாள் வீட்டில் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அவரு மகளுக்குத் திருவட்டாத்துல சம்பந்தம் பேசியிருந்தாவ. மாப்பிள்ளைக்க தாய்மாமன்தான் கூட நின்னது. விருந்துக்கு வந்தவரைக் கூட்டம் பாக்க அவரே கூட்டிட்டு வந்தாராம். வந்தவரு காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டாரு.”

“வேடிக்கைக்குச் சொன்னதுதானே.”

“ஊரே அவரு கூட மெதுவா நடந்துச்சு. நீங்க ஒருத்தருதான் முந்தி ஓடிட்டிய.”

அந்தப் பெண்ணின் கால்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்தத் தகப்பன் ஊர் ஊராகப் போய், என் மகள் காலைப் பாருங்கள் என்று சொல்வான்? அவரும் சொல்லவில்லை. சம்பந்தம் முறிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு மாலை வாங்கப் போனேன். தோவாளைச் சந்தையில் குவிந்து கிடந்த பிச்சிப்பூவின்மேல் கையை வைத்துக்கொண்டே ஒரு பெண், “பூ தீந்து போச்சு” என்றாள். அடுத்த கடையிலும் தீர்ந்திருந்தது. சந்தை முழுவதும் தீர்ந்திருந்தது. மாலையில்லாமல் மேடையேறிய எங்கள் வேட்பாளர், அந்தக் கோமாளிக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கருங்கல் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில் அறிவித்தார். தாமதமாக வந்ததால் அன்றைய நடையைத் தவறவிட்டதற்கு வருந்தி, அதைத் தன் வீட்டு முற்றத்தில் மறுபடி நடக்கச் சொல்லிக் கண்ணீர் வரச் சிரித்தவர் அவர். நானும் நடந்து காட்டியவன்தான். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தேர்தலில் தோற்றோம். எனக்கு அது வருத்தமாகவே இல்லை.

இரண்டு வருடம் அந்தப் பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மறுவாரம் நான் சந்தைக்குப் போனேன். அவர் பூக்கூடைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிரணும் அண்ணாச்சி” என்றேன். மூன்று வாக்கியம் தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். மற்ற இரண்டும் வரவில்லை.

“மாப்பிள்ளை நல்ல மனுசன்தான்” என்றார். “வயசுதான் கிட்டத்தட்ட எனக்க வயசு.”

கூடையை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பக்கத்தில் நடந்தேன், மெதுவாக. அவர் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. வாய்க்கால் பாலத்தில் மூச்சு வாங்க நின்றார்.

“ஒம்மகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் வே. அன்னைக்கு மேடையில நீரு இழுத்தது இடது காலு. எனக்கு வலது காலுல்லா? இத்தனை வருசம் எங்கூட நடந்த ஆளு, அதையாவது ஒழுங்காப் பாத்திருக்கப்படாதா?”