சொரிமுத்துவின் அரியர் பரீட்சை

ஓய்வுபெற்ற ஏட்டு சொரிமுத்து எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. அதனால், தென்காசி டாக்டரம்மா வைத்த ஞாபகச் சோதனையில் முப்பதுக்குப் பதினெட்டு வந்ததும் இடிந்துபோனார்.

"இது பாஸு, ஃபெயிலு கிடையாது அண்ணாச்சி. கோளாறு எங்கன இருக்குன்னு தேடச் சொல்லுது, அவ்வளவுதான்" என்ற டாக்டரம்மா, ரத்தத்தில் பி-12 சத்து அடிமட்டத்தில் கிடப்பதைக் கண்டுபிடித்து ஊசி எழுதினார். "மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்டு."

அரியர் என்றே எடுத்துக்கொண்டார் ஏட்டு. சோதனையில் நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லி அவர் மறந்துபோன ஐந்து சொற்களையும், அன்று வாசலில் ஒட்டுக்கேட்டிருந்த மனைவி ரெங்கம்மாளிடம் வாங்கி உருப்போட்டார். ஐந்தருவியில் தலையைக் கொடுத்தபடி, "பூட்டு! மல்லிகை! வண்டி! மூக்கு! மஞ்சள்!" என்று அவர் கத்த, சாமி வந்துவிட்டதென்று கூட்டம் விலகி வழிவிட்டது.

மறுசோதனையில் டாக்டரம்மா ஐந்து சொற்களையும் மாற்றிவிட்டார்.

"இது சிலபஸ்லயே கிடையாதுல்லா!" என்று கொதித்தார் ஏட்டு. ஆனாலும் சற்றுநேரம் கழித்துக் கேட்டபோது புதிய ஐந்தையும் சொல்லி, விடாமல் பழைய ஐந்தையும் ஒப்பித்தார்.

"ஊசி நல்லா வேலை செய்யுது அண்ணாச்சி. இருபத்தேழு!"

"பழைய அஞ்சையும் சேத்தா முப்பத்திரண்டுல்லா வருது? கூட்டத் தெரியலியே டாக்டரம்மா, நீங்களும் ஒரு ஊசி போட்டுக்கிடுங்க."