உம்மு குல்தூம் கழற்றிய வயர்

ஓட்டமாவடி சபீனாவிடம் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். அவள் விளக்கி முடிப்பதற்குள் கையிலிருக்கும் தேநீர் ஆறிவிடும். நானே சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கணினியில் என்னென்ன இணைய இணைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் முகவரி என்ன என்று கேட்டுச் சொல்லும் பெர்ல் மொழியில் எழுதிய மொட்யூல் என்ற நிரல்துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எங்கே இடறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். நிலையான இணைய லைன் உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். உண்டு என்று கூசாமல் எழுதிவிட்டாள்.

இருந்தது ஒரு போனும் ஒரு வயரும். போனை லெப்டொப்பில் செருகினால் இணையம் வரும். மாமியாரின் போன் உடைந்த பிறகு வீட்டுக்கே அது ஒன்றுதான். கட்டாரிலிருந்து கணவன் றமீஸ் அழைத்ததும், மாமியார் உம்மு குல்தூம் வயரைப் பிடுங்கிவிட்டுப் போனோடு வாசலுக்கு ஓடுவார்.

மற்றப் பரிசோதகர்களிடம் ஒழுங்காக ஓடிய மொட்யூல் சபீனாவிடம் மட்டும் அடிக்கடி நின்றுபோனது. "உங்கட மெஷின்லதான் கோளாறு" என்று பொறுப்பாளர் திவாகரன் இரண்டு தரம் எழுதிவிட்டார். மூன்று மாதத் தவணை முடிய ஒரு கிழமைதான் இருந்தது. இன்னொரு தரம் அப்படி எழுதினால் வேலை போய்விடும்.

அன்றும் அழைப்பு வந்தது. வயர் போனது.

"மாமி, எத்தன தரம் சொல்ற? நான் வேல செய்யக்குள்ள கழட்டாதீங்க!"

"மகன்ட கோல் புள்ள. எடுக்காம உடவா சொல்றாய்?"

சபீனா திரையைப் பார்த்தாள். அதே நொடியில் மொட்யூல் நின்றிருந்தது. அது முதலில் இணைப்புகளின் பெயர்களை எடுக்கிறது, பிறகு ஒவ்வொன்றிடமும் முகவரி கேட்கிறது. இடையில் வயரைப் பிடுங்கினால், இல்லாத இணைப்பிடம் முகவரி கேட்டு விழுகிறது. பிழை மெஷினில் இல்லை, மொட்யூலில்தான்!

ஆனால் அதை நிரூபிக்க வயரின் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் லைன் இருக்கிறது என்ற பொய் அம்பலமாகும். நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவள் பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் திவாகரன் அழைத்தார்.

"லைன் இருக்கெண்டு எழுதினது சரியில்ல, தங்கச்சி."

"ஓம் சேர். என்ட பிழதான்."

"மத்த ஒம்பது பேருக்கும் அசையாத லைன். ஒருத்தருக்கும் இது புடிபடல்ல. நீங்க வேலைல இருங்க. திருத்தின மொட்யூல் நாளைக்கு வரும், அதையும் இப்பிடியே பாருங்க."

போனை வைத்துவிட்டுச் சபீனா அழுதாள். வேலை போய்விட்டது என்றே உம்மு குல்தூம் நினைத்தார்.

"இனிக் கழட்ட மாட்டன் புள்ள, சத்தியமா. அழாத."

முந்தின நாள் அவரிடம் கத்தியதை நினைக்கச் சபீனாவுக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்குக் கழட்டுங்க மாமி," என்றாள். "எத்தன தரம் ஏலுமோ அத்தன தரம்."