மூன்று லாடமும் எல்வெட்டின் வாயும்

எங்கள் கும்தேரிப் பள்ளத்தாக்கில் பொய் சொல்லாத ஆள் என்று யாரும் இல்லை. ஆடு விற்கிறவன் ஆட்டின் வயதைக் குறைப்பான். ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் ஜெபத்துக்குப் போகிறவன் சனிக்கிழமை எங்கே இருந்தான் என்பதை மாற்றிச் சொல்வான். அதெல்லாம் தேவைக்குச் சொல்கிற பொய். எல்வெட் ப்ரோபர்ட் அப்படி இல்லை. மணி என்ன என்று கேட்டாலும் பத்து நிமிஷம் கூட்டித்தான் சொல்வான்.

அவனும் நானும் ஒரே வகுப்பு. நான் பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு வேலிக்கம்பு நடப் போனேன். அவன் இன்னும் கொஞ்சம் படித்தான், அதனால் அவனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை, நன்மையும் வரவில்லை. அப்பா கசாப்புக் கடைக்காரர், நல்ல மனுஷர். மகனுக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். ஊர் ஆண்கள் பாட்டுக்குழுவில் இரண்டு வருஷம் கடைசி வரிசையில் நின்றான். வாயை நன்றாகத் திறந்து மூடுவான். ஒருநாள் குழுத்தலைவர் ஒவ்வொருவராகத் தனியே பாடச் சொன்னபோதுதான் தெரிந்தது, அந்த இரண்டு வருஷமும் அந்த வாயிலிருந்து சத்தமே வந்ததில்லை என்று. தொண்டையில் மீன்முள் என்றான். இரண்டு வருஷமாகவா என்று கேட்டார் தலைவர். ஆமாம், பெரிய முள் என்றான்.

பிறகு ஸ்வான்சீ நகரத்துக்குப் போய் இருபது வருஷம் வீடுவீடாக ஜன்னல் விற்றான். அந்த வேலைக்கு அந்த வாய் பொருத்தம். திரும்பி வந்தபோது கூட மென்னா என்று ஒரு மனைவி இருந்தாள். அவன் வாழ்க்கையில் பொய் இல்லாத சங்கதி அவள் ஒருத்திதான். மதுக் கம்பெனியிடமிருந்து 'மூன்று லாடம்' பப்பைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு பேரும் மாடியில் குடியேறினார்கள்.

அதற்கு முன்னால் அந்தப் பப்பை நெஸ்டா என்று ஒருத்தி நடத்தினாள். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஒரே அறை, ஈரம் கசியும் கற்பலகைத் தரை. உள்ளே பீப்பாயிலிருந்து ஜக்கில் பியரைப் பிடித்து, சுவரில் இருக்கிற சின்னப் பலகைக் கதவைத் திறந்து நீட்டுவாள். அவள் கட்டைவிரல் எப்போதும் பியருக்குள்தான் இருக்கும். சாப்பிட ஏதாவது கேட்டால் காடியில் ஊறின முட்டை கொடுப்பாள், அதையும் திட்டிக்கொண்டே. கணப்புக்குப் பக்கத்தில் எட்டடி நீளத்துக்கு ஓக் பெஞ்சு ஒன்று, முதுகுப் பலகை ஆள் உயரம். உட்கார்ந்தால் இடுப்பு ஒடியும், ஆனால் கதவிலிருந்து வரும் காற்று மேலே படாது. கணப்புக்கு மேலே ஆறு இரும்புத் துண்டுகள் ஆணியடித்திருக்கும், பிறை வடிவத்தில், துருப்பிடித்து.

எல்வெட் வந்த முதல் மாதமே என்னைக் கூலிக்குக் கூப்பிட்டான்.

"இதெல்லாம் எடுத்துரு மெய்ரிக். பெஞ்சு, அந்த ஓட்டைக் கதவு, எல்லாம். கொண்டுபோய் எரிச்சிரு."

"பெஞ்சுமா? நல்ல ஓக்டா."

"பழசா இருக்குடா. ஜனங்களுக்குப் பழசு வேணாம், சரித்திரம் வேணும்."

சரித்திரம் லாரியில் வந்தது. ஓக் மரம் போலச் சாயம் பூசின, நுரைப் பிளாஸ்டிக்கால் செய்த உத்தரங்கள். ஒற்றைக் கையால் தூக்கலாம். செம்புச் சட்டிகள், ஒரு சிவப்புக் கம்பளம், பளபளவென்று மூன்று குதிரை லாடங்கள். கணப்புக்கு மேலே இருந்த ஆறு துண்டுகளைப் பார்த்து, "உடைஞ்ச லாடம் வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடு" என்றான்.

அவை உடைந்தவை இல்லை. மாட்டு லாடம். மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும், ஆகவே லாடமும் இரண்டு துண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்துச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போனவர்கள் இந்த வாசலில் நிறுத்தித்தான் லாடம் அடித்துக்கொண்டு போனார்கள். ஆறு துண்டு என்றால் மூன்று லாடம், பப்பின் பெயரே அதுதான். கசாப்புக் கடைக்காரன் மகனுக்கு மாட்டுக் குளம்பு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. அவன் என்னைக் கேட்கவும் இல்லை. அந்தத் துண்டுகளை நான் தூக்கிப் போடவில்லை, பெஞ்சையும் எரிக்கவில்லை. என் கொட்டகையில் குட்டி போடும் ஆடுகளுக்குக் காற்று மறைப்பாக நிறுத்திக்கொண்டேன். அதற்காகவே செய்தது போல நின்றது.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்தப் பப்பில் நான் குடித்ததைவிடக் கேட்டது அதிகம். சாமான் அறையில் ஒரு ராஜா படுத்துத் தூங்கினாராம். தலையில்லாத மாட்டோட்டி ஒருவன் கழிப்பறைப் பக்கம் நடக்கிறானாம். இதைக் கேட்க ஜனம் வந்தது. மழைச்சட்டையும் இரண்டு கைத்தடியுமாக மலையேறி வந்து, இரண்டு பேருக்கு ஒரு அரை பைண்ட் வாங்கி, மென்னா மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைச் சூடு ஆறும்வரை போட்டோ எடுத்து, நுரை உத்தரத்தை அண்ணாந்து பார்த்து "ஆகா" என்பார்கள். அவர்களுக்கு அவன் சரி, அவனுக்கு அவர்கள் சரி. மென்னாவின் சமையலுக்காகத்தான் மறுபடி வந்தார்கள் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியாது.

பிறகு அந்தக் கூட்டமும் குறைந்தது. போன ஜனவரியில் கம்பெனி கடிதம் போட்டது. பழைய நாட்டுப்புறப் பப்புகளைப் பற்றி வருஷாவருஷம் ஒரு புத்தகம் வருகிறது, ஜனங்கள் அதைக் காரில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடவும் குடிக்கவும் கிளம்புகிறார்கள். அதில் இந்த வருஷம் இடம் பிடித்தால் குத்தகை நீளும். இல்லையென்றால் கட்டிடம் கார்டிஃப் நகரத்துக்காரர் ஒருவருக்குப் போகும், அவர் விடுமுறைக் குடியிருப்பாக மாற்றுவார். எல்வெட்டுக்கு வேறு வீடு கிடையாது. மாடிதான் வீடு.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்த நேரம். பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் நடந்து என் கொட்டகைக்கு வந்து நின்றான்.

"மெய்ரிக், அந்த பெஞ்ச எரிச்சிட்டியா?"

"நீதானே எரிக்கச் சொன்ன."

"எரிச்சிட்டியான்னு கேட்டேன்டா."

"ஏன், குளிருதா?"

அவன் முகம் சரியில்லை. புத்தகத்துக்காரப் பெண் வியாழக்கிழமை மதியம் வருகிறாள். போனில் பேசினாளாம். அவளிடம் அறுபது வருஷத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. பெஞ்சு, சுவர்க்கதவு, ஆறு இரும்புத் துண்டு எல்லாம் அதில் தெரிகிறதாம். இந்த ஜில்லாவில் அப்படி மிச்சமிருப்பது ஒன்றோ இரண்டோ என்று சொல்லி, "அதெல்லாம் அப்படியே இருக்குல்ல?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னேன்."

"சொல்லுவியே."

அப்போதுதான் என் பின்னால் ஆடுகள் உரசிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தான். இடம், வலம் என்று கண்ணை ஓட்டினான். எட்டடி. அழுதுவிடுவான் போல இருந்தது.

"குடுத்துருடா. உன் கால்ல விழுறேன்."

"விழு. சாணி இருக்கு, பாத்து விழு."

அந்த நேரத்தில் ஒரு ஆடு முக்க ஆரம்பித்தது. தலையைப் பிடிடா என்றேன். பிடித்தான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. இரண்டு குட்டி வந்தது. இரண்டையும் நக்கிவிட்டு ஆடு எழுந்து நிற்கும்வரை அவனை விடவில்லை. வேண்டுமென்றேதான்.

"இத எடுத்துட்டா என் ஆட்டுக்கு மறைப்பு?"

"என் உத்தரத்த எல்லாம் கொண்டுவந்து தரேன். ஓக் மாதிரியே இருக்கும்."

"மாதிரியே இருக்கும். தெரியும்."

பெஞ்சைத் தர ஒத்துக்கொண்டேன். லாடத் துண்டுகளில் ஐந்து ஆணி டப்பாவில் கிடந்தன. ஆறாவதை நான் படல் கதவுக்குக் கொக்கியாக அடித்திருந்தேன், அதையும் பிடுங்கினேன்.

"ஆறும் உடைஞ்சிருக்கேடா, இத வச்சு என்ன பண்றது?"

"மாட்டு லாடம்டா முட்டாளே. உங்கப்பா எத்தன மாடு வெட்டினாரு? ஒரு குளம்பையாவது பாத்திருக்கியா?"

இரண்டு துண்டை எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஆறையும் சட்டை முனையால் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை முழுக்க வேலை. பெஞ்சை மென்னா சோடாவும் வெந்நீரும் போட்டு நான்கு தடவை தேய்த்தாள். நான் சுவர்ப்பலகையைப் பெயர்த்துப் பழைய கதவைத் திறந்தேன். அதை எடுக்கக் கூலி கேட்டதும் அவன் கருமித்தனத்தால் மேலே பலகை அடிக்கச் சொன்னானே தவிர இடிக்கச் சொல்லவில்லை. உத்தரங்களையும் குதிரை லாடங்களையும் இறக்கி, ஆறு துண்டையும் பழைய ஆணித் துளையிலேயே அடித்தேன். கம்பளத்தைச் சுருட்டினால் கீழே கற்பலகை அப்படியே. ஒன்று மட்டும் போகவில்லை. ஆட்டுக்கும் குட்டிக்கும் ஒரே நம்பரை நீலச்சாயம் தோய்த்த அச்சால் முதுகில் அடிப்போம். அப்படி அடிக்கும்போது ஆடு துள்ளி, பெஞ்சின் முதுகில் கையகலத்துக்கு '47' விழுந்திருந்தது.

"அது மேல மெத்தைய சாத்தி வச்சிரு. கேட்டா உண்மையச் சொல்லு" என்றாள் மென்னா.

"நான் பாத்துக்கிறேன்" என்றான் எல்வெட். அதைக் கேட்டதும் நானே மெத்தையை எடுத்துச் சாத்தி, இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள். ஃபிரான்சிஸ் ஆட்டவே என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், மழையில் நனைந்த தலை, தட்டைச் செருப்பு. அதிகம் பேசவில்லை. நான் கணப்போரம் என் பைண்ட்டோடு இருந்தேன். மென்னா ஜக்கில் பியர் பிடித்துச் சுவர்க்கதவு வழியாக நீட்டினாள், விரலை வெளியே வைத்துத்தான். அப்புறம் கவுல். ஆட்டுக்கறியும் வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக் தண்டும் போட்டு முதல் நாளே கொதிக்கவைத்த குழம்பு, பக்கத்தில் ஒரு துண்டு சீஸ். அவள் ஒரு கிண்ணம் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு லாடத் துண்டுகளை எண்ணினாள். ஆறு. தலையாட்டினாள். எல்வெட் மூச்சு விட்டான். அதோடு வாயை மூடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் சாய்ந்து உட்காரப் போனபோது மெத்தை சரிந்தது.

"இது என்னங்க, நாற்பத்தேழு?"

"அதுவா மேடம்," என்று எல்வெட் முன்னால் வந்தான். "அது வருஷம். ஆயிரத்து எழுநூத்தி நாற்பத்தேழு. முன்னாடி இருந்த ரெண்டு எண்ணு தேஞ்சு போச்சு. மாட்டோட்டிங்க போட்டது. அவங்க ஏதோ செடியிலேர்ந்து எடுக்கிற நீலம், இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் அந்தப் பக்குவம் தெரியாது."

அவள் குனிந்து பலகையை முகர்ந்தாள். "எங்க வீட்ல முப்பது ஆடு இருக்கு," என்றாள். "இந்த நீலம் எங்க ஊர்த் தீவனக் கடையிலயே டின்ல விக்கிறான்."

எவனாக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பான்.

"அந்தக் கடைக்காரங்க இங்கேர்ந்துதான் பக்குவத்த..." என்று ஆரம்பித்தான்.

சுவர்க்கதவு படாரென்று திறந்தது. மென்னாவின் தலை வெளியே வந்தது.

"வாய மூடுய்யா. மேடம், இந்த பெஞ்ச இவரு எட்டு வருஷத்துக்கு முன்னாடி எரிக்கச் சொல்லித் தூக்கிப் போட்டாரு. அதோ உக்காந்திருக்கிற மெய்ரிக் அத ஆட்டுக் கொட்டகையில வச்சிருந்தான். முந்தாநாள் வரைக்கும் அது மேல ஆடு மூத்திரம் பேஞ்சிட்டிருந்துது. லாடமும் அவன்கிட்டதான் கெடந்துது. தரையும் இந்தக் கதவும் மட்டும் இங்கேயே இருந்துது, ஏன்னா எடுக்க இவருக்குக் காசு கொடுக்க மனசில்ல. குழம்பு நான் வச்சது. இன்னொரு கிண்ணம் வேணுமா?"

கதவு மூடிக்கொண்டது.

அந்தப் பெண் எழுதினாள், ரொம்ப நேரம். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப உங்க ஆட்டுக்கு மறைப்பு?" என்று கேட்டாள்.

"அவன் உத்தரம் தந்திருக்கான். நுரை."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் பேனா கொஞ்சம் நின்றது. மீதிப் பியரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

எல்வெட் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். "முடிஞ்சுதுடா," என்றான். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அடுத்த பப் ஒன்பது மைல் தள்ளி, அங்கே கவுல் தகரடப்பாவிலிருந்து வருகிறது என்பதை மட்டும் நினைத்தேன்.

செப்டம்பரில் புத்தகம் வந்தது. மூன்று லாடம் அதில் இருந்தது. ஜக்கில் வரும் பியர், கற்பலகைத் தரை, ஆறு மாட்டு லாடம், ஜில்லாவிலேயே நல்ல கவுல் என்று எழுதியிருந்தாள். பெஞ்சு எட்டு வருஷம் ஆட்டுக் கொட்டகையில் இருந்து திரும்பிய கதையும் இருந்தது, அந்த நாற்பத்தேழோடு. கடைசி வரி: 'சரித்திரம் தெரிய வேண்டுமானால் சமையலறையில் கேளுங்கள், குத்தகைக்காரரிடம் வேண்டாம்.' கம்பெனிக்குப் பப்பின் பெயர் அச்சில் வந்தால் போதும். குத்தகை ஐந்து வருஷம் நீண்டது.

அந்த வரியை மென்னா வெட்டி ஒட்டி வைத்தாள். எல்வெட் அதைத் துளியும் சட்டை செய்யவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போனபோது மழைச்சட்டைக் கூட்டம் ஒன்று பெஞ்சைச் சுற்றிக் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் அவன்.

"முந்நூறு வருஷமா இதுதாங்க வழக்கம். குட்டி போடுற மாசம் வந்தா பெஞ்ச கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிருவோம், முடிஞ்சதும் கொண்டாந்துருவோம். எங்க தாத்தா காலத்துல நானே தூக்கியிருக்கேன்."

"ஆகா," என்றது கூட்டம்.

எனக்குக் கிடைத்த நுரை உத்தரங்களை அந்த வியாழக்கிழமை சாயங்காலமே கொட்டகையில் வரிசையாக நிறுத்திப் பார்த்திருந்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. என் கடா வந்து ஒருமுறை முகர்ந்தது. பின்வாங்கி ஒரே முட்டு. கொம்பு மறுபக்கம் வந்தது. உத்தரத்தைக் கொம்பில் மாட்டிக்கொண்டு கடா இரண்டு நாள் வயலெல்லாம் சுற்றித் திரிந்தது, எல்வெட்டின் சரித்திரத்தைச் சுமந்துகொண்டு.