ஆரியங்கோட்டு மரச்சீனிக் கம்பு

பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரில் மரவள்ளிக்கு மரச்சீனி என்று பேர். அதன் தண்டுக் கம்பை யாரும் விற்க மாட்டார்கள். கிழங்கு பிடுங்கியதும் கம்புகளை வேலியோரம் சாத்தி வைப்பார்கள். நடுவதற்கு வேண்டியவர்கள் கேட்காமலே எடுத்துப் போகலாம். பாதி ஊரில் நின்றது எங்கள் வேலியிலிருந்து போன கம்புதான். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருவனந்தபுரத்தில் கிழங்குப் பயிர்களை ஆராயும் கூடமொன்றில் உதவியாளர். ஊர் ஊராக இலை பறித்துவந்து, மரபணுவை ஒப்பிட்டு, எந்தச் செடி எந்த இனம் என்று பார்ப்பது வேலை. அந்த வருஷம் எங்கள் மரச்சீனி இலைகள் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டன. கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை. அக்கம்பக்கத்திலும் அதே கதை. தேமல் நோய், கம்பு வழியாகப் பரவுவது. அம்மா அன்பாகக் கொடுத்ததோடு நோயும் சேர்ந்து போயிருக்கிறது. அதைச் சொன்னபோது அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வேறு இனம் கொண்டுவருகிறேன் என்றேன். அவளுக்கு அது வேண்டாம். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த இனம் அது, வேகவைத்தால் மாவாக உதிரும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் இலை மட்டும் எங்களுடையதோடு அச்சு அசலாகப் பொருந்தியது, நோயும் இல்லை. வேறொருவர் பறித்துவந்தது. விலாசத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆரியங்கோட்டில் சித்தி வீடு.

என் அக்கா கல்யாணத்துக்கு அம்மா தன் தங்கையை நேரில் போய் அழைக்காமல் தபாலில் அழைப்பிதழ் அனுப்பினாள். சித்தி வரவில்லை. எட்டு வருஷமாகப் பேச்சில்லை. எங்கள் வேலிப்பக்கம் வராததால் அவள் மரச்சீனி பிழைத்தது.

"நீ போய் வாங்கிட்டு வா மக்கா" என்றாள் அம்மா, நான் விஷயத்தைச் சொன்னதும்.

"மாட்டேன். விளிக்காம விட்டது நீயாக்கும்" என்றேன். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ் ஏறினாள். வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ ஒத்திகை பார்த்தாள். சித்தி முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மிளகைக் கிளறினாள். அம்மா ஒத்திகையெல்லாம் மறந்துபோய் நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

"கொஞ்சம் கம்பு தருவியா?" என்றாள் அம்மா.

"கம்புக்கு யாராவது கேப்பாவளா அக்கா?" என்றாள் சித்தி. "கல்யாணத்துக்குத்தான் நேரில வந்து விளிக்கணும்."

அம்மா அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் போய், ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கட்டுக் கம்பைத் தூக்கினாள். சித்தி சாயா போட உள்ளே போனாள்.