ஒரு மேசை, மூன்று துணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வேலையே மேசைக்குத் துணி மாற்றுவதுதான். இதற்காகவா கனடா வரைக்கும் போனாய் என்று சிரிக்காதீர்கள். எல்லா மதத்துக்கும் எல்லா மொழிக்கும் நேரம் ஒதுக்குகிற டிவி சேனல் எங்களுடையது. முதலில் கிறிஸ்தவ நிகழ்ச்சி: நீலத் துணி விரித்துச் சிலுவையை வைப்பேன். அது முடிந்து விளம்பரம் ஓடுகிற கேப்பில் காவித் துணி, குத்துவிளக்கு. அப்புறம் பச்சைத் துணி, குர்ஆனை வைத்து ஓதுகிற பலகை. மேசை என்னமோ ஒன்றேதான். வந்த புதிதில் ஒரு நாள் சிலுவையை எடுக்க மறந்து, விளக்கை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் லிண்டா பதறியடித்து ஓடி வந்தாள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கோ, சத்தியமாக, அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது என் தம்பி ஆரோக்கியம் காசிமேட்டில் புது ஃபைபர் படகு இறக்கினான். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அவர் ஸ்கூட்டரில் ஏறிப் போனதும் தம்பி கற்பூரம் ஏற்றி, பூசணிக்காயைச் சுற்றி உடைத்தான். கடைசியாக எஞ்சின் மெக்கானிக் காதர் பாய், தர்காவில் ஓதி வாங்கி வந்த பச்சைக் கயிற்றைப் படகின் முன்மூக்கில் கட்டினார். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எங்கள் ஆட்கள் அந்தப் படகில் கால் வைக்க மாட்டார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடல் என்று வந்துவிட்டால் ஒரு சாமியோடு நிறுத்திக்கொள்கிற தைரியம் எங்களுக்கு இல்லை. எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தேன். “யக்கா, பாய் மூஞ்சி வுழல பாரு, நல்லா எடு!” என்று தம்பி படகிலிருந்து கத்தினான்.

அந்த வீடியோவை ஒரு மதியம் சாப்பிடும்போது பெருமையாக லிண்டாவிடம் காட்டினேன். அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. “இவர் உண்மையில் யார்?” என்று கேட்டாள்.

“என் தம்பி.”

“இல்லை, எந்த மதம்?”

“கத்தோலிக்கன்.”

“அப்புறம் எதற்குப் பூசணிக்காய்?”

“படகுக்கு” என்றேன். வேறென்ன சொல்ல? புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, சேனலில் போட வீடியோவை வாங்கிக்கொண்டாள்.

எங்கள் சேனலில் ஒவ்வொரு மத நேரத்துக்கும் ஒரு கமிட்டி உண்டு. ஒன்றின் சமாச்சாரம் இன்னொன்றில் நுழையக் கூடாது. அதனால் வீடியோவை மூன்றாக வெட்டிவிட்டாள் மகராசி. ஃபாதர் நீலத் துணிக்குப் போனார், கயிறு பச்சைத் துணிக்குப் போனது. பூசணிக்காய் காவித் துணிக்குப் போனது, அடியில் ‘சென்னையின் இந்து மீனவர்’ என்ற எழுத்தோடு. டிவியில் ஓடும்போதுதான் நானே பார்த்தேன். “இன்னாம்மா இது அக்கிரமம்!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதும், மூன்று மதத்துக்கும் சமமாக மரியாதை கொடுத்திருக்கிறோமே என்றாள் அவள், மனதார. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

யாரோ அந்தப் பூசணிக்காய்த் துண்டை மட்டும் எடுத்து அனுப்ப, அது எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் போய்விட்டது. எங்கள் மாதா கோயில் திருவிழா நெருங்குகிற நேரம். மாதா சப்பரத்தைத் தூக்குகிற முன்கொம்பு எங்கள் குடும்பத்துத் தோளில்தான் ஏறும். அப்பாவுக்குப் பிறகு ஆரோக்கியம். தம்பி போன் செய்தான்.

“யக்கா, கொம்பு குட்க மாட்டேன்றாங்க. இந்துன்னு டிவிலயே போட்டுட்டானே, நீ இன்னாத்துக்கு மாதாவத் தூக்குறன்னு கேக்குறாங்க. அப்பன் தோள் குட்த்த எடம்க்கா அது.”

அது வரைக்கும் என் தம்பி அழுது நான் கேட்டதில்லை. அவனிடம் அப்படிக் கேட்ட திருவிழாக் கமிட்டிக்காரர்கள், பூசணிக்காய் உடைத்த அன்று பக்கத்தில் நின்று கேசரி தின்றவர்கள். கண்ணெதிரே பார்த்தபோது உறுத்தாதது டிவியில் பார்த்ததும் உறுத்தியிருக்கிறது. முழு வீடியோவையும் ஒரே துண்டாகப் போடச் சொல்லி லிண்டாவிடம் கெஞ்சினேன். அவளும் பாவம், மூன்று கமிட்டியிடமும் கேட்டாள். எங்கள் நேரத்துக்குப் பொருந்தாது என்று மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

சில நாள் கழித்துத் தம்பியே கூப்பிட்டான். “பேஜாரே வோணாம்னு கயிற அவுத்துட்டேன்க்கா. பூசணிக்காயும் இனிமே கெடையாதுன்னு கமிட்டியாண்ட சொல்லிட்டேன். கொம்பு குட்த்துட்டாங்க.”

“பாய் இன்னாடா சொன்னாரு?”

“எஞ்சினுக்கு ஆயில் மாத்திட்டுப் போய்ட்டாரு.”

திருவிழா ஞாயிறு சாயங்காலம். எனக்கு அது காலை. ஸ்டுடியோ மேசை மேல் போனைச் சாய்த்துவைத்தேன். தம்பி மனைவி வீடியோ காலில் சப்பரத்தைக் காட்டிக்கொண்டே நடந்தாள். சப்பரம் தூக்குகிறவர்கள் கொம்பிலிருந்து கையை எடுக்கக் கூடாது. அதனால் வருஷா வருஷம் மார்க்கெட் முனையில் காதர் பாய் நன்னாரி சர்பத்தோடு நிற்பார், ஒவ்வொருவராக அண்ணாந்து வாயைத் திறக்க, ஊற்றுவார். அப்பா வாயிலும் ஊற்றியவர் அவர். அன்றைக்கும் நின்றார். முன்கொம்பு என்பதால் முதலில் தம்பியிடம் வந்து டம்ளரைத் தூக்கினார். கமிட்டிக்காரர்கள் கூடவே நடந்துவந்தார்கள். தம்பி வாயை இறுக மூடிக்கொண்டு நேராகப் பார்த்தான். தூக்கிய டம்ளரோடு பாய் பக்கத்து ஆளிடம் நகர்ந்தார். அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்தான். அவனைத்தான் யாரும் டிவியில் காட்டவில்லையே.

இங்கே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நீலத் துணியை உருவிவிட்டேன், காவித் துணி இன்னும் போடவில்லை. ஒரு கையில் சிலுவை, மறு கையில் விளக்கு. லிண்டா குனிந்து போனைப் பார்த்தாள். “எவ்வளவு அழகு! இதில் உன் தம்பி யார்?” என்றாள். சுட்டிக்காட்ட எனக்குக் கை இல்லை. வெறும் பலகையாகக் கிடந்தது மேசை. சீக்கிரம், சீக்கிரம் என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.